வறண்ட மாநிலத்துப் படங்கள்

வீட்டுக் கொட்டகை – 9

1968-ல் வந்த 'ஒளிவிளக்கு' எம்.ஜி.ஆருக்கு நூறாவது படம். அதில் குடிபோதையில் நிற்கும் எம்.ஜி.ஆரை, மனசாட்சியாக வரும் நான்கு எம்.ஜி.ஆர்கள் சூழ்ந்துகொண்டு ஒரு முழுப் பாட்டுக்கு வறுத்தெடுப்பார்கள். திரையில் குடிப்பதில்லை என்று வைராக்கியமாக இருந்தவர், குடிகாரனாக வந்ததே குடியைத் திட்டுவதற்குத்தான்.

வெளிநாடுகளில் பழைய படம் பார்ப்பவர்கள் அதற்குத் தோதாக காக்டெய்ல் கலக்குகிறார்கள். 'காசாபிளாங்கா'வுக்கு பிரெஞ்ச் 75. கதையே மதுக்கூடத்தில் நடப்பதால் அங்கே அது பொருந்தும். நம் படங்களின் சங்கதி வேறு. ராஜாஜி 1937-ல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு, 1948-ல் சென்னை மாகாணம் முழுக்கப் பரவி, 1971 ஆகஸ்டு வரை நீடித்தது. 'பராசக்தி' (1952) முதல் 'தில்லானா மோகனாம்பாள்' (1968) வரை அத்தனையும் வறண்ட மாநிலத்தில் எடுத்தவை. வில்லன் கிளாஸைத் தூக்கினால் அவன் கணக்கு முடியப்போகிறது என்று பெஞ்ச் டிக்கெட்காரருக்கும் தெரியும்.

சிவாஜி பிறந்த விழுப்புரத்துக்கு இதில் தனி இடம் உண்டு. சுமார் நாற்பது கிலோமீட்டரில் புதுச்சேரி. 1954 நவம்பர் வரை அது பிரெஞ்சுக்காரர் கையில். இந்தப் பக்கத்துச் சட்டம் எல்லையோடு நின்றது. இன்றும் திண்டிவனம் சாலையில் பாட்டிலுக்காக வண்டியை நிறுத்திச் சோதிக்கிறார்கள். 2023 மே மாதம் இதே மாவட்டத்தில், மரக்காணம் எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் பத்துப் பேருக்கு மேல் பலிவாங்கியது. இந்த ஊர்ப்பக்கம் சினிமாவோடு பாட்டிலையும் திறந்தால் வீட்டுப் பெண்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கத்தான் வேண்டும்.

அதற்காகத் தம்ளரைக் கவிழ்த்து வைக்க வேண்டியதில்லை. திண்டிவனம், விக்கிரவாண்டி பக்கம் பனைக்குப் பஞ்சமில்லை. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் இறங்குவது பதநீர். தடவாமல் விட்டால் புளித்துக் கள். கள்ளுக்கு 1987 முதல் தடை. ஆக, பானத்துக்கும் குற்றத்துக்கும் நடுவே நிற்பது ஒரு பூச்சு சுண்ணாம்பு! ஓலைப் பட்டையை இரு கையாலும் ஏந்திக் குடிக்கும்போது, இனிப்புக்கு அடியில் அந்தச் சுண்ணாம்பின் காரல் லேசாகத் தட்டும். பதநீர் சாயங்காலம் வரை காத்திருக்காது. எனவே அதற்கு ஞாயிறு காலைக் காட்சிதான். 'தில்லானா'வைப் போடலாம். கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் எழுதிய தொடர். சிவாஜி விரலுக்குப் பின்னால் ஒலிப்பது எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் நாதஸ்வரம். ஒரு பட்டையைக் காலி செய்துவிட்டு, சிக்கல் சண்முகசுந்தரம் மூச்சைப் பிடித்து வாசிப்பதைப் பார்ப்பது தனி சுகம்.

'அந்த நாள்' (1954) ராத்திரிப் படம். எஸ். பாலசந்தர் இயக்கியது; தமிழில் பாட்டே இல்லாமல் வந்த முதல் பேசும்படம். ஜப்பான் குண்டுக்கு நடுங்கிய சென்னையில் ஒரு ரேடியோ இன்ஜினீயர் சுட்டுக் கொல்லப்படுகிறார். ஆளாளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள். எழுந்து போகப் பாட்டு கிடையாது என்பதால் கடுங்காப்பியை முன்கூட்டியே போட்டு வைத்துக்கொள்வது உத்தமம்.

ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை'க்கு (1964) கோலி சோடா. பாட்டிலுக்குள் கோலியைப் போட்டு, வாயுவின் அழுத்தத்தாலேயே வாயை அடைக்கும் யோசனை 1870-களில் ஹிராம் காட் என்ற ஆங்கிலேயருக்கு வந்தது. அவர் நாட்டில் அது வழக்கொழிந்து போனது, நம் பெட்டிக்கடையில் பிழைத்துக்கொண்டது. தம்ளரில் இரண்டு ஸ்பூன் நன்னாரி சர்பத், அரை மூடி எலுமிச்சை, ஊறிய சப்ஜா விதை, மேலே சோடா. நாகேஷ் பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்லி முடிக்கும்வரை யாரும் வாயில் வைக்கக் கூடாது. சிரிப்பில் மூக்கில் ஏறிவிடும்.

மதுவிலக்கு தளர்ந்திருந்த இடைவெளியில், 1972-ல் வந்தது 'வசந்த மாளிகை'. அதற்கு எந்தப் பானமும் வேண்டாம். குடிக்கிற வேலையைச் சிவாஜி ஒருவரே பார்த்துக்கொள்கிறார்.

அடுத்த வாரம் 'நெஞ்சில் ஓர் ஆலயம்' (1962). ஏறக்குறைய முழுப் படமும் ஆஸ்பத்திரிக்குள்ளேயே நடக்கிறது. வாசகர்கள் ஒருமுறை பார்த்துவிட்டு வந்தால் பேச வசதியாக இருக்கும்.