குளிர்ப் பிரதேசங்களுக்கேற்ற பனையினக் கன்றுகளை வாங்குதல்
கொழும்பு வாழ் வீட்டுத்தோட்டக்காரருக்குச் சில குறிப்புகள்

பனை, தென்னை, கமுகு ஆகிய மூன்றும் நமது மக்களின் வாழ்க்கையோடு ஒன்றிய மரங்களாகும். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் குடும்பங்கள் பலவற்றுக்கு மலைநாட்டிலோ வெளிநாட்டிலோ உறவினர் உளர். நுவரெலியாவில் வீடு கட்டியவர் முற்றத்தில் ஒரு தென்னையாவது நிற்கவேண்டுமென விரும்புகின்றார். இலண்டனிலும் தொறொன்ரோவிலும் குடியேறிய பிள்ளைகள், பிறந்த ஊரை நினைவூட்டும் மரமொன்று தம் வாசலில் நிற்கவேண்டுமென ஆசைப்பட்டு, அங்கிருந்து ஒரு கன்று அனுப்பலாகுமா என்று பெற்றோரை வினவுகின்றனர்.

இவ்விருப்பம் இயல்பானதே. ஆயினும் போதிய விசாரணையின்றிக் கன்று வாங்குவோர் பணத்தை இழப்பதுடன், மீண்டும் பெறமுடியாத நான்கைந்து ஆண்டுகளையும் இழக்கின்றனர். நோயுற்ற கன்றை இடம் மாற்றுவதால் அயலாரின் தென்னைகளுக்கும் கேடு விளையலாம். ஆகவே எந்த இனத்தை, எங்கே, எவ்வாறு தெரிந்து வாங்கவேண்டும் என்பதை ஈண்டு விளக்குவோம்.

பனையினம் குளிருக்கு அஞ்சுவது ஏன்?

மாமரத்தின் கிளையொன்று பட்டுப்போனால் வேறோரிடத்திலிருந்து புதுத்தளிர் தோன்றும். பனையினத்துக்கு அவ்வாய்ப்பு இல்லை. ஒவ்வொரு தண்டுக்கும் உச்சியில் ஒரு குருத்தே உண்டு. இலைகள் யாவும் அதிலிருந்தே பிறக்கின்றன. வடலியின் குருத்தை வெட்டினால் அம்மரம் மீளாதென்பது யாழ்ப்பாணத்தில் சிறு பிள்ளைகளும் அறிந்த செய்தி. கடுங்குளிர் செய்வதும் அதுவே. குருத்திலுள்ள நீர் உறையும்போது அதன் மென்மையான இழையங்கள் சிதைகின்றன. பின்னர் ஈரம் தங்கிப் பங்கசு பற்றி அழுகல் உண்டாகின்றது. ஓலைகள் கருகினும் குருத்துப் பிழைத்தால் மரம் பிழைக்கும். குருத்து அழுகினால், ஓலைகள் பச்சையாய் இருப்பினும் மரம் இறந்ததேயாம்.

உலகிலுள்ள பனையினங்கள் 2,500க்கு மேற்பட்டவை. அவற்றுட் பெரும்பாலானவை வெப்ப நாடுகளுக்கே உரியவை. உயர்ந்த மலைகளிலும் வெப்ப வலயத்துக்கு அப்பாலும் தோன்றிய சிலவே குளிரைத் தாங்கும் இயல்புடையன.

குளிர் இருவகைப்படும்

கன்று வாங்குவோர் முதலில் அறியவேண்டியது இதுவாகும். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் உள்ளது. அதன் சராசரி வெப்பநிலை 16 சென்றிகிரேட் பாகையளவில் ஆண்டு முழுவதும் அதிக மாற்றமின்றி இருக்கும். தை, மாசி மாதங்களில் சில இரவுகளில் நிலத்தின்மேல் உறைபனி படிவதுண்டு. இது நீண்ட, மிதமான குளிர்.

மேல்நாட்டுக் குளிர் வேறு. தொறொன்ரோவில் கோடை வெப்பமாயிருப்பினும், குளிர்காலத்தில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 20 பாகைக்கும் அப்பாற் செல்லும் இரவுகள் உண்டு. இலண்டனிலோ குளிர் அத்துணைக் கடுமையன்று, கோடையும் மிதமானது. ஆதலின் "குளிர் தாங்கும் கன்று" என்று விற்பவர் கூறுவது போதாது. எக்குளிரை, எத்துணை நாள் தாங்கும் என்று வினவுதல் வேண்டும்.

தென்னை ஏறக்குறைய 27 பாகைச் சராசரி வெப்பத்திலேயே செழித்து வளர்வது. நுவரெலியாவில் நட்ட தென்னம்பிள்ளை சில காலம் உயிருடன் நிற்கலாம். ஆயின் குன்றி நின்று, காய்க்காமலே மடியும். கித்துள் மரம் தென்னையிலும் உயரமான இடங்களில் வளரக்கூடியது. எனினும் ஏறத்தாழ 1,500 மீற்றர் வரையே அதற்கு ஏற்றதாகும்.

கொழும்பில் விற்கப்படும் கன்றுகள்

கொழும்பு நாற்றுமேடைகளில் "பாம்" என்ற பொதுப் பெயருடன் பல அழகிய கன்றுகள் விற்கப்படுகின்றன. மாடி முகப்புகளில் நாம் காணும் அரிக்கா பாம் மடகாஸ்கர் தீவுக்குரியது. பொட்டில் பாம் மொரீசியசைச் சார்ந்த சிறு தீவொன்றினது. பொக்ஸ்டெயில் பாம் அவுஸ்திரேலியாவின் வடகோடிக்கும், செந்தண்டுப் பாம் மலாயாவின் சதுப்பு நிலங்களுக்கும், ரோயல் பாம் கியூபா முதலிய நாடுகளுக்கும் உரியன. இவையாவும் வெப்பத்தை நாடுவன. வெள்ளவத்தை வீட்டில் தழைத்து நிற்கும் இவற்றை நுவரெலியாவில் திறந்த வெளியில் நடுதல் பயனற்றது.

கன்று வாங்குமுன் இயன்றால் ஒருமுறை பேராதனைக்குச் செல்லுங்கள். 1821ஆம் ஆண்டு நிறுவப்பட்ட அப்பூங்காவில் பனையின மரங்கள் சாலைசாலையாக நடப்பட்டுள்ளன. முழு வளர்ச்சி பெற்ற மரத்தைக் கண்ட பின்னரே, சட்டியிலுள்ள சிறு கன்று நாளை எவ்வளவு இடத்தை அடைக்கும் என்பது புலனாகும்.

மலைநாட்டுக்கு ஏற்றவை

சீன விசிறிப்பனை: இதன் தாவரப் பெயர் திராக்கிகார்ப்பஸ் போர்ச்சூனி. சீன மக்கள் இதன் தண்டைப் போர்த்தியுள்ள நாரினால் கயிறும் துடைப்பமும் மழையங்கியும் செய்தனர். சீனத் தேயிலைக் கன்றுகளை இமயமலைச் சாரலுக்குக் கொண்டுவந்த ரொபேட் போர்ச்சூன் என்பவரே, 1849இல் இப்பனையின் கன்றுகளை இலண்டன் கியூ பூங்காவுக்கு அனுப்பினார். அவர் பெயரே இதற்கு வழங்குகின்றது. வேரூன்றிய மரம் உறைநிலைக்குக் கீழ் 10 முதல் 15 பாகை வரை தாங்கும். கடும் வெப்பத்தை வேண்டாது குளிர்ந்த இடத்தில் நன்கு வளர்வதால், மலைநாட்டுக்கும் இலண்டனுக்கும் ஒருங்கே பொருந்தும். பலத்த காற்றில் இதன் விசிறிகள் கிழிபடும். ஆதலின் மறைவான இடத்தில் நடவேண்டும்.

இமயப் பனைகள்: குமாவோன் மலைகளில் 2,000 மீற்றருக்கு மேல், வெண்பனி பெய்யும் காடுகளில் திராக்கிகார்ப்பஸ் டாக்கில் என்னும் இனம் வளர்கின்றது. மேகாலயத்துக் காசி மலைகளில் வளரும் மார்த்தியானஸ் என்னும் இனம் கடும் உறைபனியை அத்துணைத் தாங்காதாயினும் மலைக்குளிருக்கு ஏற்றது.

அந்தீசு மலைப் பனைகள்: கொலம்பியா நாட்டின் தேசிய மரமான மெழுகுப்பனை 2,000 முதல் 3,000 மீற்றர் உயரமான மலைகளில் வளர்ந்து, பனையினங்களுள் மிக உயர்ந்ததாய் நிற்பது. தென்னையின் தோற்றத்தையே விரும்புவோருக்குப் பராயுபேயா என்னும் மலைத்தென்னை பொருத்தமாகும். ஈக்குவடோர் நாட்டின் கீற்றோ நகரில், 2,800 மீற்றர் உயரத்திலும் இது அழகு மரமாய் நடப்பட்டுள்ளது.

உறைபனி நாடுகளுக்கு ஏற்றவை

இலண்டனில் வாழ்வோர் சீன விசிறிப்பனையையே முதலிற் கொள்க. மத்தியதரைக் கடற்கரைக்குரிய குட்டை விசிறிப்பனையும் அங்கு நன்கு வளரும். கனடாவில் வன்கூவர்க் கடற்கரையில் சீன விசிறிப்பனைகள் திறந்த வெளியிலேயே நிற்கின்றன. தொறொன்ரோவின் நிலை வேறு. அங்குத் தரையில் நட விரும்புவோர் அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதிக்குரிய ஊசிப்பனையைத் தேடவேண்டும். தண்டு உயராது புதர்போல் வளரும் இவ்வினமே பனையினங்களுள் குளிரை மிகத் தாங்குவதெனக் கருதப்படுகின்றது. உறைநிலைக்குக் கீழ் 20 பாகைக் குளிரிலும் பிழைத்துள்ளது. எனினும் குளிர்காலத்தில் அதற்கும் மூடாக்கு வேண்டும். மூடாக்கிட இயலாதவர் பெரிய சட்டியில் வளர்த்துக் கோடையில் வெளியிலும் குளிர்காலத்தில் வீட்டினுள்ளும் வைப்பதே நன்று.

ஊசிப்பனை வெப்பமான கோடையை வேண்டுவது. அதனை நுவரெலியாவில் நட்டால் இறவாது. ஆயின் வளரவும் மாட்டாது. மிகக் கடுங்குளிரைத் தாங்கும் இனமே எல்லாவிடத்துக்கும் சிறந்ததென எண்ணற்க.

நல்ல கன்றைத் தெரிந்தெடுத்தல்

1. தாவரப் பெயரைக் கேளுங்கள். பெயர் கூறவியலாத விற்பனையாளரிடம், அழகு பற்றி மட்டும் கன்று வாங்கவேண்டாம்.

2. கன்று எங்கே வளர்க்கப்பட்டதென்று கேளுங்கள். கொழும்பு வெப்பத்தில் நிழற்கூடத்தில் வளர்ந்த கன்றினும், நட இருக்கும் இடத்தின் அருகே, திறந்த வெளியில் வளர்ந்த கன்றே மேலானது. மலைநாட்டுக்கு வேண்டியதை மலைநாட்டு நாற்றுமேடையில் தேடுங்கள்.

3. நடுக்குருத்தை இரு விரல்களாற் பிடித்து மெல்ல இழுத்துப் பாருங்கள். உறுதியாய் நின்றால் நன்று. எளிதிற் கழன்று, அடியில் நாற்றம் வீசினால் அக்கன்று அழுகிவிட்டது.

4. உயரத்தை நோக்காது, அடித்தண்டின் பருமனையும் புதிய ஓலைகளையும் நோக்குங்கள். ஒளிக்குறைவால் நீண்டு மெலிந்த கன்று குளிரைத் தாங்காது.

5. மண்ணோடு கூடிய வேர்த்திரள் குலையாதிருத்தல் வேண்டும். தரையிலிருந்து புதிதாய்ப் பிடுங்கி வேரறுத்துச் சட்டியிலிட்ட கன்று மலிவாயினும் வேண்டாம்.

கன்றை இடம் மாற்றுமுன்

தென்னை மரங்களைத் துளைத்தழிக்கும் செவ்வண்டு நமது ஆசியப் பிரதேசத்துக்கே உரியது. கன்றுகளோடும் மரங்களோடும் அது பிற நாடுகளுக்குச் சென்றது. 1980களில் வளைகுடா நாடுகளின் பேரீச்சந் தோட்டங்களிலும், 1990களில் ஸ்பெயினிலும் அது காணப்பட்டது. பின்னர் மத்தியதரைக் கடலோரம் எங்கும் எண்ணற்ற பனைகளை அழித்தது. மரத்தினுள்ளே புழு மறைந்திருப்பதால் வாங்கியவர் அதனை அறிந்திலர்.

நமது நாட்டிலும் 2006இல் வெலிகமப் பகுதியில் தென்னை இலை வாடல் நோய் கண்டறியப்பட்டது. நோய் பரவாதிருக்கும் பொருட்டுத் தென் மாகாணத்திலிருந்து தென்னை முதலிய பனையினக் கன்றுகளை வெளியே கொண்டுசெல்வது கட்டுப்படுத்தப்பட்டது. விடுமுறைக்குச் சென்று திரும்பும்போது வழியிற் கண்ட கன்றை வாகனத்தில் ஏற்றி வருதல் சிறு செயலாகத் தோன்றலாம். அக்கன்றோடு நோயும் வருமாயின், காலமெல்லாம் தென்னையால் வாழ்ந்த ஒரு குடும்பத்தின் தோட்டம் அழியக்கூடும்.

வெளிநாட்டுக்குக் கன்று அனுப்புவதாயின் தாவர சுகாதாரச் சான்றிதழ் வேண்டும். அதற்குக் கட்டுநாயக்காவிலுள்ள தேசிய தாவரத் தொற்றுத்தடுப்புச் சேவையை நாடவேண்டும். மண்ணொட்டிய கன்றைக் கனடா முதலிய நாடுகள் ஏற்பதில்லை. வேரைக் கழுவி அனுப்பினாற் கன்று தளரும். இத்தனை இடர்ப்பட்டு அனுப்பும் நமது தென்னையோ பனையோ அங்குள்ள முதற் குளிர்காலத்தையும் தாண்டாது. ஆகவே பெற்றோர் இங்கிருந்து கன்று அனுப்புவதினும், ஏற்ற இனத்தின் பெயரை எழுதியனுப்பி, பிள்ளைகளை அங்குள்ள நாற்றுமேடையிலேயே வாங்கச் செய்தல் நலம். மலைநாட்டுக்கென வெளிநாட்டிலிருந்து விதையோ கன்றோ தருவிக்க விரும்புவோரும் முன்னதாகவே அனுமதி பெறவேண்டும்.

நடுகையும் பாதுகாப்பும்

மலைநாட்டில் மழைக்காலத் தொடக்கத்தில் நடுங்கள். தை, மாசி மாதங்களைத் தவிருங்கள். இங்கிலாந்திலும் கனடாவிலும் உறைபனி நீங்கிய இளவேனிலே ஏற்ற காலம். இரண்டடி நீளமும் அகலமும் ஆழமும் உடைய குழியை வெட்டி, மேல்மண்ணுடன் நன்கு மக்கிய எருவைக் கலந்து நிரப்புங்கள். கன்று சட்டியில் எம்மட்டத்தில் இருந்ததோ அம்மட்டத்திலேயே நடுக. ஆழப் புதைத்தால் குருத்து அழுகும். நீர் தேங்கும் நிலமாயின் மேடமைத்து நடவேண்டும்.

உறைபனி எதிர்பார்க்கப்படும் நாட்களில் ஓலைகளை மேல்நோக்கிச் சேர்த்துக் கட்டி, அடியில் காய்ந்த வைக்கோல் பரப்புங்கள். பொலித்தீனால் இறுகச் சுற்றவேண்டாம். உள்ளே ஈரம் தங்கும். கருகிய ஓலைகளைக் கண்டு உடனே மரத்தை வெட்டிவிடாது, வெப்பக் காலம் வந்தபின் புதுக்குருத்துத் தோன்றுகின்றதா எனப் பொறுத்திருந்து பாருங்கள்.

இவ்வினங்கள் மெதுவாக வளர்வன. சிறு கன்று தண்டு காட்டுவதற்குச் சில ஆண்டுகள் செல்லும். அத்துணைக் காலம் பேணவேண்டிய மரத்தை ஒருநாள் ஆராய்ந்து வாங்குவது மிகையன்று. மரத்தின் பிறந்தகத்தை அறிந்து, நடும் இடத்தின் குளிரோடு ஒப்பிட்டு, அவ்விடத்துக்கு அண்மையிலேயே வாங்குங்கள். ஐயம் எழுமிடத்து உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகுங்கள். அவ்வாறு செய்வீர்களாயின், குளிர் நாட்டு வாசலிலும் ஒரு பனை நின்று நிலைக்கும்.