தோட்டத்தில் தங்கிய பழைய ஆங்கிலச் சொற்கள்



தாத்தா காலத்துக் காகிதம் ஒன்று டிரங்குப் பெட்டியிலிருந்து வெளிவருகிறது. ஆங்கிலம் படித்த பேரப்பிள்ளைக்கும் அதில் சில சொற்கள் விளங்குவதில்லை. பள்ளிப் பாடத்தில் இல்லாத, வழக்கொழிந்த ஆங்கிலம் அது. அதில் ஒரு பகுதி நம்மிடமிருந்தே போனது என்பதுதான் வேடிக்கை. சிலவற்றை இன்று பார்ப்போம்.

கிராணியாரை யாருக்குத் தெரியாது? தோட்டத்து ஆபீசில் செக்ரோல் எழுதியவர். மலாய்க்காரர்கள் 'கெராணி' என்பார்கள். இது வட இந்தியச் சொல். வங்காளத்திலிருந்த ஆங்கிலேயர்கள் இதைத் தங்கள் வாய்க்கேற்பக் 'கிரேனி' ஆக்கி, ஆங்கிலத்தில் எழுதும் குமாஸ்தாவை அவ்வாறு அழைத்தார்கள். இன்று லண்டனில் போய்க் 'கிரேனி' என்றால் சுவரில் உள்ள வெடிப்பைத்தான் காட்டுவார்கள்!

டிரெஸ்ஸரும் அப்படித்தான். அறுவை மருத்துவருக்குப் பக்கத்தில் நின்று காயத்துக்குக் கட்டுப் போடுபவர் என்பதே அங்கே அதன் பொருள். இங்கே அவர் ஊசி போட்டார், மருந்து கொடுத்தார், பிள்ளைப்பேறும் பார்த்தார். பதவிப் பெயர் பல முறை மாறிவிட்டாலும் நம் பெரியவர்களுக்கு அவர் டிரெஸ்ஸர்தான்.

இனிப் பினாங்குத் துறைமுகத்துக்கு வருவோம். 1880களில் கடலைத் தூர்த்து எழுப்பிய வெல்ட் கீ கரையில் வரிசையாக நிற்கும் சரக்குக் கட்டடங்களைக் 'குடோன்' என்கிறோம். ஆங்கிலேயர் அதை மலாய் 'குடாங்'கிலிருந்து எடுத்தார்கள். அந்தக் குடாங்குக்கு மூலம் தமிழ்க் 'கிடங்கு' அல்லது தெலுங்கில் அதற்கு இனமான சொல் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். கிடங்காகப் போனது குடோனாகத் திரும்பியிருக்கிறது.

சற்றுத் தள்ளிச் சூலியா தெரு. அதற்கு முன்பு மலபார் தெரு என்று பெயர். மலையாள நாட்டார் தெரு என்று எண்ணிவிடக் கூடாது. அந்நாளைய ஐரோப்பியர் தமிழரையும் 'மலபார்' என்றே எழுதினார்கள். பழைய ஏடுகளில் 'மலபார் மொழி' என்றிருந்தால் பெரும்பாலும் அது தமிழ்தான்.

இத்தகைய சொற்களைத் திரட்டி 1886இல் ஒரு பெரிய அகராதி வெளிவந்தது. ஹாப்சன் ஜாப்சன் என்பது அதன் பெயர். தொகுத்தவர்கள் ஹென்றி யூல், ஆர்தர் பர்னெல் என்ற இருவர். பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். நூல் அச்சாவதற்கு முன்பே 1882இல் காலமாகிவிட்டார்.

அந்த அகராதியில் 'கூலி' என்ற சொல்லும் உண்டு. குஜராத்தில் வாழும் கோலி என்னும் மக்களின் பெயரிலிருந்து வந்தது என்பர் சிலர். தமிழ்ச் சொல்லே என்பர் சிலர். இரண்டும் கலந்திருக்கலாம் என்பாரும் உண்டு. எப்படியாயினும், தமிழில் கூலி என்பது செய்த வேலைக்குக் கிடைக்கும் ஊதியம். அது மனிதனின் பெயரன்று. ஆங்கிலத்தில் அது ஆளுக்குப் பெயராகி, சட்டங்களிலும் பதிவேடுகளிலும் ஏறி, கடைசியில் வசவாகவும் ஆயிற்று. சீனர்கள் அதே ஒலியைக் 'கடும் உழைப்பு' என்று பொருள்படும் இரண்டு எழுத்துகளால் எழுதினார்கள். அது எவ்வளவோ மேல் என்று நமக்குத் தோன்றுகிறது. பாட்டனார் பெயருக்கு நேரே அச்சொல்லைக் காணும் பிள்ளை கூசிக் காகிதத்தை மடித்து வைக்க வேண்டியதில்லை. அவர் செபராங் பிறையில் கரும்பு வெட்டியிருப்பார், பால்மரம் சீவியிருப்பார். அதற்குப் பெற்றதுதான் கூலி.

இன்னொன்று கங்காணி. கண்காணிப்பவர் என்ற நம் சொல்லே ஆங்கில அகராதியில் ஏறியது. ஊருக்குப் போய் ஆள் கூட்டி வந்ததும், தோட்டத்தில் வேலை வாங்கியதும் அவரே. உதவிப் பணத்தில் தொழிலாளர் இங்கு வருவதை இந்திய அரசு 1938இல் தடுத்தது. அத்தோடு ஆள் கூட்டிவரும் கங்காணியின் வேலை முடிந்தது. சொல் மட்டும் ஆங்கில அகராதியில் இன்னும் இருக்கிறது.