யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத நதி ஒன்றேனும் இல்லை. மாரியில் மாத்திரம் ஓடும் வழுக்கையாற்றை நீக்கினால், அந்நிலத்தின் ஜீவாதாரமெல்லாம் சுண்ணாம்புக் கற்பாறையின் வெடிப்புகளில், அடியிலுள்ள உவர்நீரின் மேல் மெல்லிய படையாக மிதந்து நிற்கும் மழைநீரேயாகும். கோடையில் அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலேறி, வெங்காயப் பாத்திக்குப் பாய்ந்த கிணற்றுநீர் நாவில் கரிக்கத் தொடங்கும்.

இக்குறையைத் தீர்க்கும் பொருட்டு நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஆறுமுகம் 1954இல் ஒரு திட்டத்தை வகுத்தார். வன்னியிலிருந்து கனகராயன் ஆறு கொண்டுவரும் மாரிவெள்ளம் கலக்கின்ற ஆனையிறவுக் கடல்நீரேரியைச் சுண்டிக்குளத்தில் அணையிட்டுச் சமுத்திரத்தினின்றும் பிரித்து, அங்கே தேங்கும் நன்னீரை முள்ளியான் வாய்க்காலால் வடமராட்சி, உப்பாறு ஆகிய கடல்நீரேரிகளுக்குச் செலுத்தி, தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் தடுப்பணைக் கதவுகளால் கடல்நீரை மறித்துவிட்டால், ஆண்டுதோறும் மழை உப்பைக் கழுவ, ஏரிகள் நன்னீராகும் என்பதே அவருடைய யோசனை. வேலைகள் பல தொடங்கியும் திட்டம் பூர்த்தியாகவில்லை. சுண்டிக்குள அணையை வெள்ளம் உடைத்தது. பின்னர் உள்நாட்டு யுத்தம் வந்தது.

இத்திட்டம் நிறைவேறினால் விளையும் பிரயோசனம் பெரிது: கிணறுகளின் ஊற்றுப் பெருகும், உவர்நிலம் வயலாகும். ஆயினும், களங்கண்ணி வலை கட்டி இறாலும் மீனும் பிடித்து அவ்வேரிகளிலேயே ஜீவனம் நடத்தும் குடும்பங்களுக்கு, உவர்நீர் இனிப்பாவது தொழில் அழிவதேயாகும். சுண்டிக்குளத்துப் பறவைகளின் இரைநிலமும் மாறும். ஆழமற்ற ஏரிநீரிற் பெரும்பகுதியை வெயிலும் உறிஞ்சிவிடும்.

அதே கனகராயன் ஆற்றை மறித்து எழுந்த இரணைமடுக் குளம் இவ்விஷயத்தில் நமக்கு நல்ல பாடமாகும். 1902இல் கட்டத் தொடங்கிய அக்குளம் கிளிநொச்சியை நெற்களஞ்சியமாக்கிற்று. எனினும், 2018 டிசம்பரில் வான் கதவுகள் திறக்கப்பட்டபோது கீழுள்ள கிராமங்கள் வெள்ளத்தில் ஆழ்ந்தன. அதன் நீரை யாழ்ப்பாணத்தின் குடிநீருக்குக் கொண்டுவர முயன்றபோது, தமக்கே சிறுபோக நெற்செய்கைக்குப் போதாதென்று கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தனர்; அதற்கு மாற்றாக 2024இல் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது.

அணையின் இலாபம் ஊருக்கெல்லாம் பரவலாகச் சேர, நஷ்டமோ சில வீடுகளின் மேலேயே முழுவதும் விழுகிறது. ஆதலால், வீணே கடலிற் சேரும் மாரிநீரைத் தேக்குவது அவசியமென்று சொல்லும் நாம், மண்வெட்டி எடுக்குமுன்னரே மீனவரையும் கிளிநொச்சி விவசாயிகளையும் சபையில் அமர்த்தி, அவர்களுடைய நஷ்டத்தைக் கணக்கிட்டு, ஈட்டுத்தொகையையும் மாற்றுத் தொழிலையும் திட்டச் செலவிலேயே சேர்த்தல் வேண்டும்.