நினைவகப் பங்கீடும் வழக்கிழந்த தெரிவுகளும்

இயங்குதளத்தின் கேர்னல் எனப்படும் மையநிரல், தன் உள்வேலைகளுக்கு வேண்டிய சிறு நினைவகத் துண்டுகளை ஒதுக்கவும் மீட்கவும் ஒரு பங்கீட்டு முறையைக் கைக்கொள்கிறது. லினக்ஸ் கேர்னலில் 2007 முதல் இத்தகைய முறைகள் மூன்று அருகருகே நிலவின. 1994இல் ஜெஃப் பொன்விக் சோலாரிஸ் இயங்குதளத்துக்கென வகுத்த கருத்தினின்று பிறந்தது ஸ்லாப். நினைவகம் மிகக் குறைந்த கருவிகளுக்கானது ஸ்லொப். ஸ்லாப்பின் சிக்கல்களைக் களையும் பொருட்டு கிறிஸ்டோஃப் லமீட்டர் ஆக்கியது ஸ்லப். கேர்னலைக் கட்டுவோர் அமைப்புக் கோப்பில் இவற்றுள் ஒன்றைத் தெரிந்தனர்.

மேலோட்டமாக நோக்குவோர்க்கு இது தெரிவுச் சுதந்திரமாகத் தோன்றும். ஆயின், பொதுவான மாற்றம் ஒவ்வொன்றும் மூன்று முறைகளுடனும் பொருந்த வேண்டியிருந்தமையால், அச்சுதந்திரத்தின் விலையைப் பராமரிப்போரின் உழைப்பே செலுத்தியது. எனவே ஸ்லொப் 2023இலும் ஸ்லாப் 2024இலும் நீக்கப்பட்டன. சிறு கருவிகளின் தேவை இதனாற் புறக்கணிக்கப்படவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது. ஸ்லொப்பை அகற்றுமுன்னரே ஸ்லப்பினுள் ‘டைனி’ என்னும் சிக்கன அமைப்புச் சேர்க்கப்பட்டது.

எனினும் பழைய அமைப்புக் கோப்புகளில் ஸ்லாப்பைக் கோரும் வரிகள் எஞ்சக்கூடும். கேர்னலைக் கட்டும் கருவி, தான் அறியாத பெயரைப் பொதுவாக எச்சரிக்கையின்றியே கடந்துவிடும். கோப்பு ஸ்லாப் என்று கூற, இயங்குவதோ ஸ்லப். அதனை நம்பிப் படிப்பவர் ஏமாறாதிருக்க, அவ்வரிகளையும் களைதல் வேண்டும்.