பரங்கிமலைக் காதலும் பாலாற்றங்கரைப் பேச்சும்

மைசூரிலிருந்து கொள்ளேகால், மாதேஸ்வரன் மலை வழியாக மேட்டூருக்குப் போய்வரும் நம்மவர்களுக்குப் பாலாறு தெரிந்த ஊர்தான். வேலூர்ப் பாலாற்றை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது மேட்டூர் நீர்த்தேக்கத்தருகே காவிரியில் கலக்கும் சிற்றாறு. பாலத்துக்கு இந்தப் பக்கம் கர்நாடகம், அந்தப் பக்கம் தமிழ்நாடு. 2024 தீபாவளிக்கு முதல் நாள், நானும் என் மனைவியும் தம்பி குடும்பத்தோடு கொளத்தூருக்குப் போகும் வழியில், இந்தப் பாலத்தருகே காரை நிறுத்திக் கட்டிக்கொண்டு வந்த புளிச்சோற்றைப் பிரித்தோம்.

அங்கேதான் தம்பி மகள் மெதுவாக என்னிடம் வந்தாள்.

"பெரியப்பா, நாளைக்கு 'அமரன்' ரிலீஸ். எல்லாருக்கும் டிக்கெட் போட்டிருக்கேன். படம் பார்த்ததும் அப்பாகிட்ட ஒரு விஷயம் பேசணும். நீங்க பக்கத்துல இருக்கணும்."

விஷயம் இதுதான். மைசூரில் அவளோடு இன்ஜினியரிங் படித்த குடகுப் பையன் ஒருவன் அந்த மாதம்தான் சென்னை பரங்கிமலையில் ராணுவ அதிகாரிப் பயிற்சியில் சேர்ந்திருந்தான். இருவரும் திருமணம் செய்துகொள்ள விரும்பினார்கள். தாய்க்கு ஏற்கெனவே தெரியும். அழுது தீர்த்துவிட்டாள்.

தம்பிக்குக் காது கூர்மை. படம் பார்க்கும்வரை காத்திருக்கவில்லை.

"எந்த இடத்துல நின்னு பேசறோம்னு தெரியுமா உனக்கு?" என்று பாலத்தைக் காட்டினான். "வீரப்பன் வெச்ச கண்ணிவெடியில இங்கதான் அத்தனை பேர் செத்தாங்க. அவங்க வீட்டுப் பொம்பளைங்களைப் போய்க் கேளு."

உண்மைதான். அப்போது மைசூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இந்தப் பகுதியில், 1993 ஏப்ரல் 9 அன்று, போலீசார், வன ஊழியர்கள், தகவல் சொன்ன கிராமத்தார் என 22 பேர் ஒரே வெடிப்பில் மாண்டார்கள். எங்கள் தலைமுறைக்கு மறக்காத செய்தி அது.

பெண் நிதானமாகச் சொன்னாள்: "அவங்க யாரும் பட்டாளம் இல்லையேப்பா. எந்த நாட்டு எல்லைக்கும் போகலை. நம்ம ஊர் ரோட்டுலதானே போனாங்க."

தம்பி பதில் சொல்லவில்லை. புளிச்சோறு பாதி மீந்தது.

இரண்டு படங்கள்

நான் ரயில்வேயில் டிப்ளமோ இன்ஜினியராகப் பணிபுரிந்து ஓய்வு பெற்றவன். சினிமா விமர்சனம் எழுதும் தகுதி எனக்கில்லை. ஆனால் மறுநாள் திரையரங்கில் உட்கார்ந்திருந்தபோது, இளமையில் பெங்களூரில் பார்த்த ஓர் ஆங்கிலப் படம் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. 1982ஆம் ஆண்டு வெளியான 'ஆன் ஆபீசர் அண்டு எ ஜென்டில்மேன்'. டெய்லர் ஹாக்ஃபோர்ட் இயக்கியது. அமெரிக்கக் கடற்படை விமானி ஆவதற்காகப் பதின்மூன்று வார அதிகாரிப் பயிற்சிக்கு வரும் முரட்டு இளைஞனாக ரிச்சர்ட் கியர். பக்கத்து ஊர்க் காகித ஆலையில் வேலை செய்யும் பெண்ணாக டெப்ரா விங்கர். பயிற்சி கொடுத்துக் கசக்கிப் பிழியும் சார்ஜென்டாக லூயி காசெட் ஜூனியர். அந்த நடிப்புக்காக அவருக்குச் சிறந்த துணை நடிகருக்கான ஆஸ்கர் விருது கிடைத்தது. அமெரிக்கக் கடற்படை ஒத்துழைக்க மறுத்ததால், வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு பழைய ராணுவக் கோட்டையில் படம் பிடித்தார்கள்.

கடைசிக் காட்சியில் கதாநாயகன் வெள்ளைச் சீருடையோடு ஆலைக்குள் நடந்து வந்து, இயந்திரத்தருகே நிற்கும் காதலியை அப்படியே தூக்கிக்கொண்டு போவான். தொழிலாளிகள் கைதட்டுவார்கள். அன்று நானும் கைதட்டினேன். சீருடை கிடைத்தது, காதல் வென்றது, படம் முடிந்தது.

'அமரன்' அப்படியல்ல. ராஜ்குமார் பெரியசாமி இயக்கிய இந்தப் படம் மேஜர் முகுந்த் வரதராஜனின் உண்மைக் கதை. தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் அவர் சந்தித்த பெண் இந்து ரெபேக்கா வர்கீஸ். இவர் தமிழ்ப் பையன், அவர் மலையாளப் பெண். பெண் வீட்டாரின் சம்மதம் எளிதில் கிடைக்கவில்லை. முகுந்த் பரங்கிமலையில் பயிற்சி முடித்து 2006இல் ராஜ்புத் படைப்பிரிவில் அதிகாரியானார். 2009இல் திருமணம். 2014 ஏப்ரல் 25 அன்று காஷ்மீரின் ஷோபியான் பகுதியில் தீவிரவாதிகளோடு நடந்த சண்டையில் உயிர் நீத்தார். 2015 குடியரசு தினத்தன்று அசோக சக்கர விருதை இந்து பெற்றுக்கொண்டார். படத்தில் கதையைச் சொல்பவரே இந்துதான். சாய் பல்லவி நடித்திருக்கிறார்.

ஆங்கிலப் படம் முடிந்த இடத்தில்தான் நம் படம் தொடங்குகிறது. சீருடை அணிந்தவனைப் பற்றிய கதையை, வீட்டில் தொலைபேசிக்காகக் காத்திருந்தவள் சொல்கிறாள். படம் முடிந்து விளக்குப் போட்டபோது தம்பி மனைவி மகளின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். யாரும் பேசவில்லை. மகள் நினைத்தது ஒன்று, நடந்தது வேறு. படம் அவளுக்குச் சாதகமாகச் சாட்சி சொல்லவில்லை.

பரங்கிமலையில் நடப்பது

ஊர் திரும்பியதும் எனக்கு விசாரிக்காமல் இருக்க முடியவில்லை. 1962 சீனப் போருக்குப் பின் அதிகாரிகள் பற்றாக்குறையை ஈடுகட்ட, 1963இல் பரங்கிமலையில் இந்தப் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. 1988 முதல் அதன் பெயர் அதிகாரிகள் பயிற்சி அகாடமி. 1992இல் முதன்முதலாகப் பெண்களும் சேர்ந்தார்கள். பட்டப்படிப்பு முடித்தவர்களுக்கு இங்கே 49 வாரப் பயிற்சி. சேர்வதற்கு முன் தேர்வு வாரியத்தில் ஐந்து நாள் சோதனை உண்டு.

பயிற்சிக் காலத்தில் திருமணம் செய்துகொள்ளக் கூடாது என்பது விதி. செய்தால் வெளியேற வேண்டியதுதான். தம்பிக்கு இதைச் சொன்னபோது, "அப்ப ஒரு வருஷம் டைம் இருக்கு" என்று பெருமூச்சு விட்டான். காதல் ஆறிப்போகும் என்று எண்ணினான் போலும்.

அங்குள்ள அணிவகுப்பு மைதானத்தின் பெயர் பரமேஸ்வரன். 1987 நவம்பர் 25 அன்று இலங்கையில் அமைதிப்படைப் பணியில் உயிர் நீத்து, பரம்வீர் சக்கரம் பெற்ற மேஜர் ராமசாமி பரமேஸ்வரனின் பெயர் அது. அவர் பம்பாயில் பிறந்து வளர்ந்த தமிழர். பிழைப்புக்காக வெளியூர் வந்து, பிள்ளைக்கு 'பத்திரமான வேலை' கிடைத்தால் போதும் என்று நினைக்கும் நம்மைப் போன்ற குடும்பங்கள் இதையும் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

படமாகாத காதல்

பரங்கிமலையில் இன்னொரு வகைக் காதலும் இருக்கிறது. 2015 நவம்பரில் காஷ்மீரின் குப்வாராவில் கர்னல் சந்தோஷ் மகாதிக் மறைந்தார். இரண்டு குழந்தைகளின் தாயும் ஆசிரியையுமான அவர் மனைவி சுவாதி, அதே பரங்கிமலையில் பயிற்சி பெற்று 2017இல் அதிகாரியானார். 2019 பிப்ரவரியில் புல்வாமாவில் மறைந்த மேஜர் விபூதி சங்கர் தௌந்தியாலுக்குத் திருமணமாகி ஓராண்டுகூட நிறையவில்லை. அவர் மனைவி நிதிகா கௌல் 2021 மே மாதம் அங்கேயே பயிற்சி முடித்துத் தோளில் நட்சத்திரம் அணிந்தார்.

இவற்றைத் தம்பி மகளிடம் சொன்னேன். பயமுறுத்தத்தான் சொன்னேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். "தெரியும் பெரியப்பா. நான் படிச்சிருக்கேன்" என்றாள். நான் விசாரிக்கும் முன்பே அவள் விசாரித்திருக்கிறாள். துன்பம் தெரியாமல் ஆசைப்படுகிறாள் என்று நினைத்தது எங்கள் தவறு.

சங்கு ஊதிய இரவுகள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் கூடிப் பேசினோம். நானும் தம்பியும் ஆளுக்கொரு நியாயம் பேசிக்கொண்டிருந்தபோது, காபி கொண்டுவந்த என் மனைவி குறுக்கே கேட்டாள்:

"நீங்க கேரேஜ் அண்டு வேகன்ல இருந்தப்ப, ராத்திரி ரெண்டு மணிக்குச் சங்கு ஊதினா சட்டையை மாட்டிக்கிட்டு ஓடுவீங்களே, ஞாபகம் இருக்கா?"

எப்படி மறக்கும்? எங்காவது வண்டி தடம் புரண்டால் விபத்து நிவாரண ரயில் புறப்பட வேண்டும். அதற்கான சங்கு அது. எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்பது தெரியாது. அந்தக் காலத்தில் செல்போனும் கிடையாது.

"நீங்க திரும்பி வர்ற வரைக்கும் நான் வாசப்படியிலதான் உட்கார்ந்திருப்பேன். கல்யாணத்துக்கு முன்னாடி எங்கப்பா உங்க சம்பளம் கேட்டார், குவார்ட்டர்ஸ் உண்டான்னு கேட்டார். காத்துக்கிட்டு இருக்க உன்னால முடியுமான்னு என்னை ஒருத்தரும் கேட்கலை. இவளையாவது கேளுங்க."

முப்பத்தைந்து ஆண்டு இல்லறத்தில் இதை அவள் என்னிடம் சொன்னது அன்றுதான். தம்பி மகளைப் பார்த்தான். கேள்வியைக் கேட்கவே இல்லை. அவளும் பதில் சொல்லவில்லை. தலையை மட்டும் அசைத்தாள்.

அன்பார்ந்த வாசகர்களே, ராணுவத்துக்குப் பெண் கொடுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஜெனரல் கரியப்பாவையும் திம்மையாவையும் தந்த குடகில் அது பழகிய வாழ்க்கை, நமக்கு அப்படியில்லை. மாப்பிள்ளையின் வேலை, சம்பளம், சொந்த வீடு என்று எல்லாவற்றையும் விசாரிக்கும் நாம், அந்த வேலையின் பாரத்தில் பாதியைச் சுமக்கப் போகிறவளிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை. அவள் யோசித்துச் சம்மதித்தால், பிறகு நம் அச்சத்தை அவள் தலையில் ஏற்றாமல் இருப்பதே நாம் செய்யக்கூடிய உதவி.

2025 செப்டம்பரில் நடந்த அணிவகுப்புக்குத் தம்பியும் மனைவியும் போயிருந்தார்கள். ஆங்கிலப் படத்தில், புதிய அதிகாரி தனக்கு முதல் சல்யூட் அடிக்கும் சார்ஜென்டின் கையில் ஒரு வெள்ளி டாலரைக் கொடுப்பான். அது அவர்கள் வழக்கம். பரங்கிமலையில், பெற்ற தாயும் தந்தையும் பிள்ளையின் தோளில் நட்சத்திரத்தைக் குத்துகிறார்கள். குடகுக்காரத் தாய்க்கு அன்று கை நடுங்கியதாம். பக்கத்தில் நின்ற தம்பி மனைவிதான் தட்டைப் பிடித்துக்கொண்டாள். அந்த மாதக் கடைசியில் நிச்சயதார்த்தம் ஆயிற்று. பையனின் முதல் பணியிடம் வடக்கே.

2025 தீபாவளிக்கும் அதே வழியில்தான் போனோம். பாலாற்றுப் பாலத்தருகே கார் நின்றது. புளிச்சோற்றைப் பிரிக்கும் முன் தம்பி மனைவி மகளிடம் சொன்னாள்:

"மலையில போன் எடுக்கலை. இங்க சிக்னல் வருதா பாரு. அவன் கூப்பிட்டிருந்தாலும் கூப்பிட்டிருப்பான்."