மரபணுக் கத்தரியின் வெட்டுத்திறன்

ஒரு வினை முற்றுப்பெறக் கருவி மட்டும் போதாது. காலமும் இடமும் ஏற்றவையாக அமைதல் வேண்டும். இதனை உணர்ந்தே திருவள்ளுவர் காலமறிதல், இடனறிதல் என்னும் அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். அவர் மன்னர்க்கு உரைத்த நெறி, இன்றைய உயிரியல் ஆய்வுக்கூடத்திற்கும் பொருந்துகின்றது.

உயிரணுவினுள் உள்ள டி.என்.ஏ. நான்கே எழுத்துகளால் ஆன நெடிய ஏடு எனலாம். மனிதரிடத்து அவ்வேட்டில் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள் உள்ளன. அவற்றுள் வேண்டிய ஓரிடத்தை வெட்டும் கருவி 'கிரிஸ்பர் காஸ்-9' எனப்படும். வைரசுகளை அழிக்கப் பாக்டீரியங்கள் கையாளும் காப்பு முறையிலிருந்து 2012-இல் இக்கருவியை வடித்துக் காட்டிய எம்மானுவேல் ஷார்ப்பெந்தியே, ஜெனிபர் டௌட்னா இருவரும் 2020-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றனர்.

காஸ்-9 என்னும் புரதம் கத்தி, வழிகாட்டி ஆர்.என்.ஏ. அதனை உரிய இடத்திற்கு அழைத்துச் செல்லும் துணை. ஒரே கத்தியாயினும் ஓரிடத்தில் நன்கு வெட்டுகின்றது. வேறோரிடத்தில் வெட்டாது விடுகின்றது. காரணம் யாது?

எழுத்தமைதி

வழிகாட்டியின் 20 எழுத்துகள் டி.என்.ஏ.வோடு இணைதல் வேண்டும். அவ்விடத்தை அடுத்து, ஏதேனும் ஓரெழுத்தும் அதன்பின் குவானைன் என்னும் எழுத்து இரண்டும் அடையாளமாக நிற்றல் வேண்டும். இன்றேல் கத்தி பெரும்பாலும் நிலைகொள்ளாது. அவ்வடையாளத்தை ஒட்டிய பத்துப் பன்னிரண்டு எழுத்துகளில் ஒன்று பிழைப்பினும் வெட்டு வெகுவாகக் குறையும். தொலைவிலுள்ளவை பிழைத்தாலோ, கத்தி சிலபோது அதனைப் பொறுத்துக்கொண்டு வெட்டிவிடும். வேண்டாத இடத்தில் வெட்டு விழும் இடர் இதனால் நேர்கின்றது.

குவானைனும் சைட்டோசினும் மூன்று பிணைப்புகளால் இறுகுவன. மற்ற இணைக்கு இரண்டே பிணைப்பு. ஆகவே வழிகாட்டியில் முன்னவை மிகக் குறைந்தால் பிடிப்புத் தளரும்; மிகுந்தால் வழிகாட்டி தன்மேல் தானே மடிந்து பயனற்றுப் போகலாம். நூற்றுக்கு 40 முதல் 60 வரை இருத்தல் நலம் என்பது பொதுவாகக் கொள்ளும் அளவு.

இடம்

ஓர் உயிரணுவின் டி.என்.ஏ.வை நீட்டினால் ஏறத்தாழ 2 மீட்டர் நீளும். அது ஹிஸ்டோன் என்னும் புரதங்களின்மீது சுற்றப்பட்டு, உட்கருவினுள் அடங்கியுள்ளது. கட்டவிழ்க்காத ஓலைச்சுவடியின் நடு ஏட்டைப் படிக்க இயலுமா? அதுபோலவே இறுகச் சுற்றிய பகுதியைக் கத்தி அணுகுதல் அரிது. உயிரணு பயன்படுத்திவரும் மரபணு தளர்ந்து திறந்திருக்கும்; ஆங்கு வெட்டு எளிது. எனவே, ஒருவகை உயிரணுவில் நன்கு வெட்டும் வழிகாட்டி மற்றொரு வகையிலும் அவ்வாறே வெட்டும் எனக் கொள்ளலாகாது.

காலம்

கத்தியையும் வழிகாட்டியையும் இணைத்தே உள்ளே செலுத்தினால், அவை உடனே வேலைசெய்து விரைவில் சிதைந்துவிடும். கத்தியை ஆக்கும் மரபணுவைச் செலுத்தினால், கருவி நெடிது நிலைத்து, வேண்டாத வெட்டுக்கும் இடந்தரும். மேலும், வெட்டுண்ட முனைகளை உயிரணு பிழையின்றி ஒட்டிவிட்டால் வெட்டிய சுவடே தெரியாது. ஆகவே ஆய்வாளர் பெரும்பாலும் எண்ணுவது வெட்டினை அன்று. அது விட்டுச்சென்ற தழும்பினையே.

அத்தழும்பே மருந்தாவதும் உண்டு. 2023 நவம்பரில் பிரிட்டன், அரிவாளணுச் சோகைக்கும் பீட்டா தாலசீமியாவுக்கும் 'காஸ்கெவி' என்னும் மருத்துவத்தை ஏற்றது. இதில் நோயாளியின் குருத்தணுக்கள் வெளியே எடுக்கப்படுகின்றன. கருப்பருவத்துக் குருதிப் புரதம் சுரவாது அடக்கிவைக்கும் கட்டளைப் பகுதியில் வெட்டு இடப்படுகின்றது. நோயாளியின் எலும்பு மஜ்ஜையில் எஞ்சியவற்றைக் கடுமருந்தால் அழித்தபின், வெட்டிய அணுக்களை உடலில் சேர்க்கின்றனர். பழையவை அழிந்தபின் அந்நோயாளிக்குத் துணை இப்புதியவையே. அவற்றுள் போதியவை வெட்டுப்பெறாவிடின் நோய் நீங்காது. பிற இடத்தில் வெட்டு விழுந்தால் வேறு கேடு விளையலாம். எழுத்தும் இடமும் காலமும் ஆராய்ந்து வழிகாட்டியைத் தேர்வது இதன்பொருட்டேயாம்.