நிலக்கீழ் அறைக்குள் வரும் வெள்ளம்

லவால் ஒரு தீவு. தெற்கே பிரெய்ரி ஆறு, வடக்கே மில் ஈல் ஆறு. 2017, 2019 இளவேனிற்காலங்களில் ஆறு பெருகி கரையோர வீடுகளுக்குள் புகுந்தது. அதனால் வெள்ளம் ஆற்றங்கரையில் இருப்பவர்களின் கவலை என்றே நம்மவர் பலர் எண்ணுகின்றனர்.

2024 ஓகஸ்ட் 9 அன்று டெபி புயலின் மிச்சமழை மொன்றியலில் ஒரே நாளில் 150 மி.மீ.க்கு மேல் கொட்டியது. லவாலிலும் ஆற்றுக்குத் தூரமான தெருக்களில் கழிவுநீர்க் குழாய்கள் நிரம்பி, நிலக்கீழ் அறைத் துவாரங்கள் வழியாக அழுக்குநீர் மேலே வந்தது. ஆற்று வெள்ள வரைபடம் இதைக் காட்டாது.

வெள்ள ஆபத்தை மதிப்பிடுவோர் தண்ணீரின் உயரத்தை மட்டும் பார்ப்பதில்லை. முதியோர், தனித்து வாழ்வோர், வருமானம் குறைந்தோர் எங்கே இருக்கிறார்கள் என்றும் பார்க்கிறார்கள். லவால் பல்கலைக்கழகம் (பெயர்தான் லவால், இருப்பது கியூபெக் நகரில்!) அப்படியொரு வரைபடத் தொகுப்பைத் தயாரித்துள்ளது. ஆனாலும் நிலக்கீழ் அறையில் படுக்கும் அம்மம்மாவையும் தொய்வுள்ள பிள்ளையையும் நாம் சொல்லாமல் யார் அறிவார்? தண்ணீர் வந்தால் 311க்கு அறிவியுங்கள். எந்தத் தெருவின் குழாயை முதலில் திருத்துவது என்று நகரசபை தீர்மானிக்க அது உதவும்.

கழிவுநீரில் கிருமிகள் உண்டு. மின்சாரத்தை நிறுத்தாமல், கையுறையும் சப்பாத்தும் இல்லாமல் இறங்காதீர்கள். கழிவுநீரில் ஊறிய கம்பளத்தை எறிந்துவிடுங்கள். சுவரும் தரையும் 48 மணி நேரத்துக்குள் காயாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். இருமலும் இழுப்பும் கூடும்.

கழிவுநீர் திரும்பி வராமல் தடுக்கும் வால்வு உங்கள் வீட்டில் உள்ளதா? பிளம்பரிடம் ‘கிளாப்பே’ என்றால் புரியும். ஆண்டுக்கொரு முறையாவது துப்புரவாக்க வேண்டும். உடல்நலச் சந்தேகங்களுக்கு 811.